தள்ளுவண்டி அம்பாசடர்

அந்த அம்பாசடரைத் தள்ளாத ஆம்பளை காலனித் தெருவில் கிடையாது. அதில் ஏறி உட்கார்ந்த ஆம்பளையும் கிடையாது. விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்து ஊர் அது. பேரைச் சொன்னால் இரண்டு தெருக்காரர்களும் சண்டைக்கு வருவார்கள், அதனால் வேண்டாம். வண்டி பெரிய தெரு அமிர்தலிங்கம் வீட்டு வண்டி. மனுசன் புது பேட்டரி வாங்க மாட்டார். எதற்கு வாங்க வேண்டும்? காலையில் ஆள் அனுப்பினால் காலனியிலிருந்து நாலு பேர் ஓடி வந்து தள்ளிவிட்டுப் போகிறார்கள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பும். கிளம்பிவிட்டால் நிற்காது. நின்றால் மறுபடி தள்ள வேண்டுமே! அதனால் தள்ளினவர்கள் முகத்தில் புகையை அடித்துவிட்டு அப்படியே போய்க்கொண்டிருக்கும். ஊருக்கு அது அம்பாசடர். காலனிக்கு அது தள்ளுவண்டி.

அங்கமுத்து மீசை அரும்பின நாளிலிருந்து அதைத் தள்ளினார். தன் கல்யாணத்தன்று காலையில்கூடத் தள்ளினார். மாப்பிள்ளை ஆச்சே என்று யாரும் விட்டுவிடவில்லை. புகை படிந்த அந்தப் புது வேட்டியோடுதான் கிருஷ்ணம்மாளுக்குத் தாலி கட்டினார். மகள் மலர்க்கொடி பிறந்த பிறகு ஊரை விட்டுப் பெரம்பலூர் வந்து, முதலில் சுவருக்கு வெள்ளையடித்து, அப்புறம் லாரிக்கும் காருக்கும் பெயிண்ட் அடித்துப் பிழைத்துக்கொண்டார். ஊரில் வீடு மட்டும் இருந்தது, நல்லது கெட்டதுக்குப் போய் வர.

மலர்க்கொடி எலக்ட்ரிகல் டிப்ளமா படித்தவள். சென்னைப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் வயரிங் சோதிக்கும் வேலையில் இருந்தாள். சூப்பர்வைசரோடு சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வந்து, துறையூர் ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை போட்டாள். அவளுக்கு வாய் நீளம் என்பார்கள். நீளம்தான். வாய் குட்டையாக இருந்தால் பெரம்பலூரில் ஒரு பொம்பளை லாரி டிரைவர்களோடு மல்லுக்கட்டிக் கடை நடத்திவிட முடியுமா?

அமிர்தலிங்கம் போய்ச் சேர்ந்த பிறகு வண்டி மாட்டுக்கொட்டாயில் கிடந்தது. பின்சீட்டில் கோழி அடைகாத்தது. கடைசியில் மகன் பஞ்சநாதன் அதை அரியலூரில் ஒரு பழைய இரும்புக்கடைக்கு எடைக்குப் போட்டான். அங்கே வேறொரு சாமான் வாங்கப் போன மலர்க்கொடி நம்பர் பிளேட்டைப் பார்த்தாள். போன வேலையை மறந்துவிட்டு வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

எஞ்சினைப் பக்கத்து ஒர்க்‌ஷாப் கலைச்செல்வன் பிரித்துப் போட்டுப் புதுசாக்கினான். வயரிங் முழுக்க மலர்க்கொடி. பெயிண்ட் அங்கமுத்து. கறுப்பாக இருந்ததை அவர் நீலமாக்கினார். என்ன நீலம் என்று காலனியில் யாரும் கேட்க வேண்டியதில்லை.

கல்யாணம் கூடி வந்ததும் மலர்க்கொடி வீட்டில் சொல்லிவிட்டாள்.

"பொண்ணழைப்புக்கு இந்த வண்டியிலதான் வருவேன். நானே ஓட்டிக்கிட்டு. பெரிய தெரு வழியா."

கிருஷ்ணம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏண்டி, பட்டுச்சேலைய கட்டிக்கிட்டு ஸ்டேரிங்கப் புடிச்சிக்கிட்டா வருவ? பாக்குறவங்க என்னடி சொல்லுவாங்க?"

"பாக்கட்டும்னுதாம்மா வரேன். நல்லா பாக்கட்டும்."

மாப்பிள்ளை அறிவரசனுக்கு வரதராஜன்பேட்டையில் முந்திரி வியாபாரம். ஜெயங்கொண்டத்தில் மண்டபம் பிடித்திருந்தார்கள். விஷயத்தைக் கேட்டு அவன் போனில் சிரித்தான். "நீ ஓட்டிக்கிட்டு வந்தா நான் என்ன பண்றது?"

"மண்டபத்து வாசல்ல நில்லு. வண்டிய எங்க வுடறதுன்னு கை காட்டு."

பேச்சு ஊருக்கும் போனது. ஊர் வாயை மூட உலைமூடி இருக்கிறதா என்ன? பஞ்சநாதன் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு சொன்னானாம்: "வரட்டுமே. நடுவுல நின்னுட்டா என்ன, தள்ளுறதுக்குத்தான் அவங்க ஆளுங்க கூடவே வர்றாங்களே. பழகின கைதான!" டீக்கடையே சிரித்ததாம். அந்தச் சிரிப்பு மறுநாள் பஸ் ஏறிப் பெரம்பலூர் வந்து சேர்ந்தது.

அன்றைக்கு மலர்க்கொடி ஒரு சட்டம் போட்டாள். இனிமேல் இந்த வண்டியை ஒருத்தரும் தள்ளக் கூடாது. கடை ஷெட்டுக்குள் ஒரு முழம் நகர்த்தணும் என்றாலும் சாவியைத் திருகி ஸ்டார்ட் பண்ணித்தான் நகர்த்தணும். பெரிய தெருவில் ஒரு கைகூட அதன்மேல் படாமல் அது போக வேண்டும். போகவில்லை என்றால் அப்பாவின் வேட்டியில் படிந்த புகை இந்த ஜென்மத்துக்கு வெளுக்காது. அவள் அப்படித்தான் நினைத்தாள்.

சட்டத்தை மீறின ஒரே ஆள் அங்கமுத்துதான். வேண்டுமென்று இல்லை. அவள் சாவியைத் திருகும் சத்தம் கேட்டால் போதும், கையில் இருக்கிற பிரஷ்ஷை அப்படியே வைத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நிற்பார். டிக்கியில் இரண்டு கையும் போய் உட்கார்ந்துகொள்ளும். எஞ்சின் பிடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

எல்லாம் முடிந்தது, ஒன்றைத் தவிர. சூடு காட்டும் முள்.

ஓடாமல் இருக்கும்போது ஒழுங்காகப் படுத்திருக்கும். ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மெல்ல எழுந்து, நடுவில் நிற்க வேண்டியது நிற்காமல், மேலே மேலே போய்க் கடைசிக் கோட்டை முட்டிக்கொண்டு நிற்கும். எஞ்சின் கொதிக்கிறது என்று அர்த்தம். கொதிக்கிற எஞ்சினோடு ஊர்வலம் போனால் பெரிய தெரு நடுவில் நிற்கும். நின்றால் என்ன ஆகும் என்று பஞ்சநாதன் முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

"வயரிங்ல பாருக்கா. எஞ்சின் தங்கமா இருக்கு" என்றான் கலைச்செல்வன்.

"என் வயரிங்லயா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒன் எஞ்சினப் பாரு."

சொன்னாளே தவிர சும்மா இருக்கவில்லை. எஞ்சின் தலையில் திருகியிருக்கும் சின்னப் பித்தளைக் குமிழ்தான் சூட்டை உணர்ந்து முள்ளுக்குச் சொல்கிறது. அதிலிருந்து வயரைக் கழற்றினாள். முள் இறங்கிப் படுத்துக்கொண்டது. கழற்றின வயரை எஞ்சின்மேல் தொட வைத்தாள். முள் உச்சிக்கு ஏறியது. அப்படியென்றால் வயர் நடுவில் எங்கேயும் உரசவில்லை, அறுபடவும் இல்லை. மீட்டரும் உயிரோடு இருக்கிறது. சரி, குமிழ்தான் கெட்டது என்று திருச்சிக்குப் போய் வேறு வாங்கிப் போட்டாள். முள் அதே இடத்துக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"பாத்தியா? வயரிங் சரி, குமிழ் சரி. ஒன் எஞ்சின்தான் கொதிக்குது."

கலைச்செல்வனுக்கு ரோசம் வந்துவிட்டது. ரேடியேட்டரை இறக்கி அலசினான். ஃபேன் பெல்ட்டை மாற்றினான். வண்டியை ஓடவிட்டு, ஈரச்சாக்கைப் போட்டு மூடியைத் திறந்து, தெர்மாமீட்டரை உள்ளே விட்டுக் காட்டினான். தண்ணீர் சூடாக இருந்தது. கொதிக்கவில்லை, கொதிக்கும் பக்கமே போகவில்லை.

"இப்ப என்ன சொல்ற?"

எஞ்சின் ஒன்று சொல்கிறது, முள் ஒன்று சொல்கிறது. இரண்டையும் சோதித்தாகிவிட்டது. எதை நம்பி ஸ்டேரிங் பிடிப்பது? கல்யாண வேலை தலைக்கு மேலே கிடக்க, பொண்ணு காருக்கு அடியில் கிடந்தாள். மருதாணி வைக்க வந்த அத்தைமார் கிரீஸ் நாற்றம் தாங்காமல் கையை விட்டுவிட்டுக் காலுக்கு மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள்.

"அக்கா, ஒண்ணு பண்ணு" என்றான் கலைச்செல்வன். "வயரக் கழட்டி வுட்டுடு. முள்ளு படுத்துக்கும். யாரு உள்ள எட்டிப் பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்டா. வேசம் போட்டுக்கிட்டுப் போறதுக்கு வாடகைக் கார்லயே போயிடலாம்ல?"

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். அரியலூர் ரோட்டில் வண்டியை விரட்டிப் பார்ப்பது. கொதித்தால் கொதிக்கட்டும், அது பெரிய தெருவில் கொதிப்பதற்குப் பதில் இங்கேயே கொதித்துத் தொலையட்டும். கலைச்செல்வன் மடியில் தண்ணீர்க் கேனோடு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீயும் ஏறுப்பா."

"இருக்கட்டும் மலரு. நான் டிவிஎஸ்ல பின்னால வரேன்."

வண்டி வந்த நாளிலிருந்து இதே பதில்தான். ஏறச் சொன்னால் பெயிண்ட் காயட்டும் என்பார், சீட்டு தைத்து வரட்டும் என்பார், நல்ல நாள் பார்க்கலாம் என்பார். அவள் வற்புறுத்தவில்லை.

சிமெண்டு லாரிகளுக்கு நடுவில் நீல அம்பாசடர் நன்றாகத்தான் ஓடியது. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கை காட்டினார்கள். முள் எழுந்தது, ஏறியது, முட்டிக்கொண்டது. மலர்க்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். அரியலூர் போய்த் திரும்பி வரும்போது, தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் தெரிகிற இடத்தில், எஞ்சின் இரண்டு முறை விக்கிவிட்டு நின்றுபோனது.

"போச்சுக்கா. ஜாம் ஆயிடுச்சு. முள்ளு அப்பவே சொல்லிச்சு" என்று கலைச்செல்வன் அழாத குறையாகச் சொன்னான்.

அங்கமுத்து டிவிஎஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு வந்தார். நேராகப் பின்னால் போய்க் கால்களை அகட்டி ஊன்றி, டிக்கியில் இரண்டு கையையும் வைத்தார்.

"கலை, நீ அந்தப் பக்கம் புடி. பங்க் வாசல் வரைக்கும் தள்ளிடலாம்."

கெட்ட நேரம் வந்தால் ஒட்டகத்தின் மேல் ஏறினாலும் நாய் கடிக்குமாம். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய வெள்ளைக் கார் வேகம் குறைந்து பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. பஞ்சநாதன்.

"என்ன அங்கமுத்து, பழைய வேலையா?"

அங்கமுத்து அவனைவிட வயதில் எவ்வளவோ மூத்தவர். அவன் அரைஞாண் கயிறோடு ஓடினதைப் பார்த்தவர். கை டிக்கியிலேயே ஒட்டியிருக்க நின்றார்.

"ஆமாங்க... சும்மாதாங்க" என்றார்.

மலர்க்கொடி கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். "வேலையெல்லாம் இல்லீங்க. பெயிண்ட் காஞ்சிடுச்சான்னு தொட்டுப் பாக்குறாரு. நீங்க போயிட்டு வாங்க."

"ஞாயித்துக்கெழம நம்ம தெருப்பக்கம் வர்றீங்களாமே. ஆள் பத்தலைன்னா சொல்லி வுடு."

கண்ணாடி ஏறியது, கார் போனது. அங்கமுத்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். கையில் அழுக்கு எதுவும் இல்லை.

"ஏம்ப்பா கைய வச்ச?" மலர்க்கொடி கேட்டாள். கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "ஏன் வச்ச?"

"நான் எங்க வச்சேன் தாயி. அதுவா போயிடுச்சு."

அதற்குமேல் அவரை என்ன கேட்பது? அவள் திரும்பிப் போய் ஆத்திரத்தோடு சாவியைத் திருகினாள். எஞ்சின் கரகரவென்று லேசாகச் சுற்றியது. சூட்டில் இறுகின எஞ்சின் இப்படிச் சுற்றாது. கலைச்செல்வன் முகத்தில் உயிர் வந்தது. அவள் வேலியோரம் ஒரு நீளமான வேப்பங்குச்சியை ஒடித்து, பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே விட்டு எடுத்தாள். குச்சி நுனிவரை காய்ந்து கிடந்தது. சொட்டுப் பெட்ரோல் இல்லை.

ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தாள். பெட்ரோல் முள் கால் டேங்குக்கு மேலே நின்று சிரித்தது.

அப்படியே சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். சின்னக் கேனில் பெட்ரோல் ஊற்றின அன்றைக்கே அந்த முள் பாதிக்கு மேல் ஏறியது அவளுக்கு ஞாபகம் வந்தது. பழைய டேங்க், அடியில் ஏற்கெனவே கொஞ்சம் கிடந்திருக்கும் என்று எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். சூட்டு முள் சொன்ன பொய்யை ஒரு வாரமாகத் துரத்து துரத்து என்று துரத்தினார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து பெட்ரோல் முள் சொன்ன பொய்யை ஒருத்தரும் கேட்கவில்லை. ஏன்? அது நல்ல சேதி. நல்ல சேதியை எவன் சோதித்துப் பார்க்கிறான்?

"கலை, ரெண்டு முள்ளும் ஏத்தித்தான் காட்டுதுடா. ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. அங்கதான் கோளாறு."

"அது கெடக்கட்டும்க்கா. பங்க் தோ தெரியுது. தள்ளினா அஞ்சு நிமிசம்."

"தள்ளக் கூடாது."

தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கேனை வாங்கிக்கொண்டு, அந்த வெயிலில், சிமெண்டுப் புழுதியில், கண்ணுக்கு எட்டின பங்க்குக்கு அவள் நடந்தே போனாள். நடந்தே திரும்பி வந்தாள். அங்கமுத்து டிவிஎஸ்ஸில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்குக்கூட முறைத்தாள். கோபத்தில் இருக்கும் மனுசிக்கு நடக்கத்தான் தோன்றும்.

ஷெட்டுக்கு வந்ததும் மீட்டர் பலகையைக் கழற்றினாள். பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி. பேட்டரியிலிருந்து வரும் கரண்ட்டை மட்டுப்படுத்தி, இரண்டு முள்ளுக்கும் அளவாகக் கொடுப்பது அதன் வேலை. ஆனால் அது வேலை செய்ய வேண்டுமானால் அதன் உடம்பு வண்டியின் வெறும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். எர்த் என்பது அதைத்தான். எர்த் போய்விட்டால் மட்டுப்படுத்தாது. பேட்டரி கரண்ட் முழுசாகப் பாயும், முள் இரண்டும் உள்ளதைவிட மேலே போய் நிற்கும். மலர்க்கொடி டெஸ்ட் மீட்டரின் ஒரு முனையைப் பெட்டியிலும் மறு முனையை வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸிலும் வைத்தாள். பீப் என்று கத்த வேண்டிய மீட்டர் வாயைத் திறக்கவில்லை.

பெட்டியின் திருகைக் கழற்றினாள். அடியில் பளபளவென்று நீலம். ஒரு பூச்சு இல்லை, கனமாக, பல கோட்டு. திருகு போகிற ஓட்டைக்குள்கூட பெயிண்ட். அந்தப் பெயிண்ட்தான் பெட்டியை இரும்பு தொடவிடாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவள் ஒரு துண்டு வயரை எடுத்துப் பெட்டிக்கும் சேசிஸுக்கும் பாலம் போட்டாள். கலைச்செல்வன் ஸ்டார்ட் செய்து ஓடவிட்டான். சூட்டு முள் எழுந்தது, ஏறியது, நடுவில் வந்தது, நின்றது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் நடுவிலேயே நின்றது.

"அப்பா. இங்க வா."

அங்கமுத்து குனிந்து பார்த்தார். புரிந்துவிட்டது. முகம் சுருங்கியது.

"என் பெயிண்டா?"

"இதுக்குப் பின்னால யாருப்பா பாக்கப் போறா? இங்க எதுக்கு இத்தனை கோட்டு?"

"யாராச்சும் கைய வுட்டுத் தடவிப் பாத்தா துரு தட்டக் கூடாதுன்னு நெனச்சேன். இரும்புக்கடையில கெடந்ததுதானன்னு சொல்லிடுவாங்க. அவங்க சொல்லுவாங்க மலரு, ஒனக்குத் தெரியாது." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "நான் இந்த வண்டிக்கு வெளிப்பக்கம்தான் பாத்திருக்கேன். உள்ள எது பூசணும் எது பூசக் கூடாதுன்னு எனக்கென்ன தெரியும்?"

பெயிண்ட்மேலே திருகை முறுக்கினது யார்? மலர்க்கொடியேதான். என் வயரிங், என் வயரிங் என்று குதித்தவள், அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அதை அப்போதே வாய்விட்டுச் சொன்னாள். கலைச்செல்வன் அதைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை அவளைக் கேலி செய்து தீர்த்தான்.

அவள் உப்புத்தாளை எடுத்தாள். அந்த நீலத்தைப் பார்த்தால் தேய்க்க மனசு வரவில்லை. அங்கமுத்து உப்புத்தாளை அவள் கையிலிருந்து பிடுங்கி, தலையை உள்ளே விட்டு, தானே தேய்க்க ஆரம்பித்தார். வெள்ளை இரும்பு தெரிகிற வரை தேய்த்தார்.

"போதுமா பாரு. இன்னும் எங்கெங்க தொடணும் சொல்லு, அங்கெல்லாம் எடுத்துடறேன்."

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்த நேரத்தில் காலனித் தெருவில் மேளம் முழங்கியது. அரக்குப் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, நெற்றிச்சுட்டி. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை ஆக்சிலேட்டரில் வைத்து மலர்க்கொடி ஸ்டேரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் கிருஷ்ணம்மாள் மடியில் சீர்த்தட்டு. பின்னால் கலைச்செல்வன். அங்கமுத்து வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னிக்கும் டிவிஎஸ்தானா?" என்றாள் மலர்க்கொடி. "நீ ஏறாம இந்த வண்டி கெளம்பாது. கல்யாணம் நின்னா நிக்கட்டும்."

அவர் வேட்டியை உதறிவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு, சீட்டு நோகுமோ என்பதுபோல ஓரமாக உட்கார்ந்தார். காலனியில் வயசானவர்கள் சிலர் அவரைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கண்ணீர்தான்.

முன்னால் மேளம், அதற்குப் பின்னால் வெடி, நடுவில் நீல அம்பாசடர், பின்னால் காலனி மொத்தமும். ஆள் நடக்கிற வேகத்தில் எஞ்சின் உறுமிக்கொண்டு பெரிய தெருவுக்குள் நுழைந்தது. வாசலுக்கு வாசல் ஆட்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் செல்போனில் படம் எடுத்தார்கள், ஒரு கிழவி நன்றாகவே கை தட்டினாள். மலர்க்கொடி முள்ளைப் பார்த்தாள். நடுவில். தெருவைப் பார்த்தாள். மறுபடி முள்ளைப் பார்த்தாள். நடுவில்.

அமிர்தலிங்கம் வீட்டு வாசல் வந்தது. பஞ்சநாதன் கேட்டில் சாய்ந்துகொண்டு நின்றான். மலர்க்கொடி பிரேக்கை மிதித்தாள்.

"நிக்காதக்கா, போயிடு" என்றான் கலைச்செல்வன்.

அவள் நின்றாள். நின்றதோடு விடவில்லை. சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தாள். மேளக்காரர்கள் என்னமோ ஏதோ என்று நிறுத்திவிட்டார்கள். தெருவே கப்சிப்.

"அய்யோ அக்கா! சூட்டுல அணைச்சா இந்த எஞ்சின் ஒடனே எடுக்காதுக்கா!"

"தெரியும்."

தெரிந்துதான் செய்தாள். ஓடுகிற வண்டியை நிறுத்தப் பயந்துகொண்டு ஓடிப் போனால் அது அமிர்தலிங்கம் ஓட்டினது மாதிரிதானே? தைரியமாக நிற்க முடிந்தால்தான் அது அவள் வண்டி.

கண்ணாடி வழியாகக் கையைக் கூப்பினாள். "கல்யாணத்துக்கு வந்துடுங்க. ஜெயங்கொண்டத்துல மண்டபம். அப்பா உங்களக் கூப்பிடச் சொன்னாரு."

பஞ்சநாதன் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் வாய் பழக்கம் விடுமா? "வரலாம், வரலாம். மொதல்ல வண்டி கெளம்புதான்னு பாரு."

அவள் சாவியைத் திருகினாள். கர் கர் கர் கர். எடுக்கவில்லை. மறுபடி. கர் கர் கர். எங்கேயோ ஒருத்தன் கிக்கென்று சிரித்தான். கிருஷ்ணம்மாள் முனியனாரைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

அப்போது வண்டி லேசாக ஒரு அசை அசைந்தது. மலர்க்கொடி கண்ணாடியில் பார்த்தாள். காலனி ஆட்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நரைத்த தலைகள் நாலைந்து, எந்த வயதில் பழகியதோ அதே மாதிரி, கால்களை அகட்டி ஊன்றி, தோளோடு தோள் சேர்ந்து, டிக்கியில் கைகளை வைத்திருந்தார்கள். பஞ்சநாதன் முகத்தில் சிரிப்பு விரிந்தது.

பின்கதவு படாரென்று திறந்தது. அங்கமுத்து இறங்கினார்.

"கைய எடுங்கடா!"

அந்தக் குரலை மலர்க்கொடி அதுவரை கேட்டதில்லை. கிருஷ்ணம்மாள் கேட்டதில்லை. அந்தத் தெரு நிச்சயமாகக் கேட்டதில்லை.

"எவனும் தொடக் கூடாது. கைய எடு. டேய் செல்லக்கண்ணு, ஒனக்குந்தான், எடு. எம் பொண்ணு எடுப்பா. அவ எடுக்கிற வரைக்கும் நிப்போம். விடிய விடிய ஆனாலும் நிப்போம். நமக்கென்ன அவசரம்?"

கைகள் ஒவ்வொன்றாக விலகின. அங்கமுத்து டிக்கிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, பஞ்சநாதனைப் பார்த்து நின்றார். "வண்டி சூடா இருக்கு. ஆறிட்டுக் கெளம்பும். நீ வேலை இருந்தா உள்ள போ தம்பி" என்றார்.

மலர்க்கொடி காத்திருந்தாள். வேண்டுமென்றே நெற்றிச்சுட்டியைச் சரி செய்துகொண்டாள். அப்புறம் வெறுங்காலால் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திக்கொண்டு சாவியைத் திருகினாள். கர் கர் என்றது, ஒருமுறை இருமியது, பிடித்துக்கொண்டது. பெரிய தெருவில் அன்றைக்கு அந்த எஞ்சின் போட்ட சத்தத்துக்கு முன்னால் வெடிச்சத்தம் ஒன்றுமே இல்லை. மேளம் தானாகப் பிடித்துக்கொண்டது.

முள் நடுவில் நின்றது. மலர்க்கொடி கியரில் கை வைத்தாள், போடவில்லை. அங்கமுத்து இன்னும் பின்னால் புகைக்குள் நின்றுகொண்டிருந்தார். வண்டி கிளம்பிவிட்டது, போய்விடும் என்றுதான் அவர் உடம்பு நினைத்தது. பழைய நாளில் மாதிரி இரண்டடி பின்னால் ஒதுங்கி நின்றார்.

வண்டி போகவில்லை. உறுமிக்கொண்டே நின்றது.

"அப்பா, ஏறு" என்றாள் மலர்க்கொடி.

அவர் நடந்து வந்து, ஏறி, சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கதவைச் சாத்துகிற வரைக்கும் அது அங்கேயே நின்றுகொண்டிருந்தது.